வன்னியும் வறட்சியும்: பாலைநிலங்களிலிருந்து எதை எடுக்கலாம், எதை விடலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இலங்கையின் வன்னிப் பகுதியைச் சேர்ந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் வறட்சி வரும்போதெல்லாம் இரண்டு பேச்சுகள் கூடவே வரும். வன்னி பாலைவனமாகிறது என்பது ஒன்று. பாலைவனத்தையே பச்சையாக்கிய நாடுகளின் தொழில்நுட்பத்தை இங்கே கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மற்றது. இவ்விரண்டையும் ஒட்டிக் கமக்காரர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. விடைகள் எல்லாம் ஒரே நீளத்தில் இரா. சிலவற்றுக்கு நாலு வரியே போதும்.

வன்னி உண்மையிலேயே பாலைவனமாகி வருகிறதா?

இல்லை. ஆண்டு மழை 250 மில்லிமீற்றருக்குக் குறைவான நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்பர். ராஜஸ்தானின் ஜெய்சால்மருக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 200 மில்லிமீற்றரே. வன்னியிலேயே மிக வறண்ட பக்கமாகிய மன்னாருக்குக்கூட ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் கிடைக்கிறது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் அது 1,300 மில்லிமீற்றரையும் தாண்டும். நம் மாரியின் ஒரு நல்ல வாரத்தில் பெய்யும் மழை, ஜெய்சால்மர்க்காரருக்கு ஓராண்டுக் கனவு.

இதை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. நோய் தவறாகக் கணிக்கப்பட்டால் மருந்தும் தவறும். மழையே இல்லாத நாடு தண்ணீரை உண்டாக்கும் வழியைத் தேடுகிறது. மூன்று மாதத்தில் கொட்டிவிட்டு எட்டு மாதம் காயவிடும் வானத்தின் கீழ் வாழும் நாமோ, வந்த நீரைத் தேக்கவும் அளக்கவும் பங்கிடவும் வழி தேட வேண்டியவர்கள்.

அப்படியானால் ஆவணி மாதத்தில் ஏன் குடிநீருக்குப் பவுசரை எதிர்பார்த்து நிற்கிறோம்?

மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைக்காலத்தில் விழுந்து முடிகிறது. அதற்குப் பின் சித்திரையை ஒட்டிச் சிறிது மழை வரலாம். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை, தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வறண்டு சூடேறி வன்னிக்கு வருகிறது. நிலத்தைக் காய்ச்சும் வேலையை மட்டுமே அது இங்கே செய்கிறது.

இரண்டாவது, ஆவியாதல். உலர்ந்த மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவு நீர் போவது சாதாரணம். ஒரு ஹெக்டேயர் குளப்பரப்புக்கு அது 50,000 லீற்றர். ஆழமில்லாத, அகன்ற சிறுகுளங்களே இதனால் முதலில் வற்றுகின்றன; ஆனி பிறக்குமுன் பல சிறுகுளங்களின் அடி வெடித்துக் கிடப்பதற்கு யாரும் அந்த நீரைத் திருடியதாகக் கருத வேண்டியதில்லை.

மூன்றாவது, நிலத்தின் அடி. வன்னியின் பெரும்பகுதி கடினப் பாறைமேல் கிடக்கிறது. அப்பாறையின் வெடிப்புகளிலும், மேலே சிதைந்த படையிலும் தங்கும் நீரே கிணறுகளுக்கு ஆதாரம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லைப் போல அது பெருந்தொகை நீரைப் பிடித்து வைத்திராது. குளத்தில் நீர் நிற்கும்வரை அயற்கிணறுகளில் ஊற்று இருக்கும்; குளம் வற்றினால் கிணறும் சில வாரங்களில் இறங்கும். ஆகவே குளம் வயலுக்கு, கிணறு வீட்டுக்கு என்று பிரித்துப் பேசுவது வன்னியில் பொருந்தாது.

எல் நினோ வந்தால் வன்னியில் வறட்சி என்று செய்திகளில் சொல்கிறார்களே?

இந்தியாவின் பெரும்பகுதிக்குப் பொருந்தும் செய்தி, அப்படியே மொழிபெயர்க்கப்பட்டு நம்மிடம் வந்து சேர்கிறது. எல் நினோ, அதாவது பசிபிக் சமுத்திரத்தின் நடுவும் கிழக்கும் வழமையை விடச் சூடேறும் நிலை, இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையை நலிவிக்க வல்லது. ஆனால் இலங்கையில், ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மழை எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் கூடுகிறது. அதற்குப் பின் ஜனவரி முதல் மார்ச் வரையான மழையே குறைய முனைகிறது. அதே பரப்பு வழமையை விடக் குளிரும் லா நினா ஆண்டுகளில் மாரியின் தொடக்கம் மெலியக்கூடும். இந்து சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் மாறி மாறிச் சூடேறும் இருமுனை நிலையையும் இதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2016 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மாரி பொய்த்த அவ்வாண்டில் பசிபிக்கில் எல் நினோ முடிந்து மெலிந்த லா நினா தோன்றியிருந்தது. இந்து சமுத்திரத்தில் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து கிழக்குப் பக்கம் சூடேறிய, வலுவான எதிர்மறை இருமுனை நிலை நிலவியது. குளங்கள் நிறையவில்லை. 2017 ஆம் ஆண்டின் வறட்சி நாற்பது ஆண்டுகளில் நாடு கண்ட மிக மோசமானது என மதிப்பிடப்பட்டது. நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அந்த ஆண்டின் சமுத்திரக் குறிகள் புரட்டாதிக்கு முன்பே தெரிந்திருந்தன என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. பருவகால முன்னறிவிப்பு சாத்திரம்போல நாள் குறித்துச் சொல்லாது. நிகழ்தகவை மட்டுமே சொல்லும். ஆனாலும் மாரிப் பயிர்ச்செய்கையான காலபோகத்துக்குத் திட்டமிடும் கூட்டத்தில் அது ஒரு தாளாகவேனும் மேசைக்கு வந்தால், எந்த வாய்க்காலில் குறுகிய வயது நெல் விதைப்பது, எங்கே புழுதி விதைப்பைத் தொடங்குவது என்பதைச் சற்று முன்கூட்டியே யோசிக்கலாம்.

இஸ்ரேலைப் போலச் சொட்டு நீர்ப்பாசனத்துக்கு மாறினால் போதாதா?

மிளகாய், வெங்காயம், பப்பாசி, மரக்கறி, நிலக்கடலை ஆகியவற்றுக்குச் சொட்டு நீரும் தூவலும் மிக நல்லவை. கிணற்றுநீரில் தோட்டம் செய்பவர் தயங்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வன்னியின் பல கிணறுகளில் நீர் வன்மையானது, சுண்ணாம்பு படிந்து சொட்டுவாய்கள் அடைபடும். வடிகட்டியும் காலத்துக்குக் காலம் குழாயைக் கழுவும் ஏற்பாடும் இல்லாமல் பொருத்திய தொகுதிகள் இரண்டு போகத்துடன் வேலியோரம் சுருண்டு கிடப்பதைப் பல ஊர்களில் காணலாம்.

நெல்லுக்கு இது விடையாகாது. வன்னிக் குளநீரின் மிகப் பெரும்பகுதி நெல்லுக்கே போகிறது என்பதால், சொட்டு நீரால் மிச்சமாகும் பங்கு மொத்தக் கணக்கில் சிறியது.

இனி இஸ்ரேலைப் பற்றிச் சொல்லப்படாத பாதியையும் சொல்ல வேண்டும். நெகேவ் பாலைவனத்தின் ஹற்செரிம் கிபுட்சில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில்) 1965 இல் சொட்டு நீர்க் கருவிகளை விற்கும் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1959 இல், நாட்டின் நீர் முழுவதும் பொதுச்சொத்து என்று சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. ஒருவர் காணிக்குள் ஊறும் நீரும் அவருடையதன்று. எடுக்கும் நீர் மானியில் அளக்கப்படும், ஒதுக்கீட்டுக்கு மேல் எடுக்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு இருந்ததனாலேயே சொட்டு நீர் மிச்சத்தைத் தந்தது. கட்டுப்பாடு இல்லாத இடங்களில், மிச்சப்பட்ட நீரைக் கொண்டு கமக்காரர் இன்னும் அரை ஏக்கர் கூடுதலாகச் செய்கிறார்; அதில் அவர்மேல் குற்றம் சொல்ல ஏதுமில்லை, ஆனால் கிணறு முன்போலவே இறங்கும். நாம் குழாயை இறக்குமதி செய்தோம். அளவையைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

செயற்கை மழை பெய்விக்க முடியாதா?

முகிலே இல்லாத வானில் முடியாது. மேகவிதைப்பு, ஏற்கெனவே திரண்டிருக்கும் தகுந்த முகிலிலிருந்து சற்றுக் கூடுதலாக மழையைப் பெற முயல்வது மட்டுமே. வன்னிக்கு மழை தேவைப்படும் ஆடி, ஆவணியில் அத்தகைய முகில்கள் அரிது. தாய்லாந்தின் உதவியுடன் 2019 மார்ச்சில் இலங்கை செய்து பார்த்த முயற்சிகூட மலைநாட்டு மவுசாக்கலை நீர்த்தேக்கப் பகுதியில்தான் நடந்தது.

கடல்நீரை நன்னீராக்கினால் குளத்தை நம்பியிருக்க வேண்டாமல்லவா?

குடிநீருக்கு ஆம், வயலுக்கு இல்லை. கணக்கே இதைத் தெளிவாக்கும். யாழ்ப்பாண மாவட்டத்தின் வடமராட்சி கிழக்கில், தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரக்கூடியது. ஓராண்டு இடைவிடாமல் இயங்கினாலும் அது ஏறத்தாழ 7,100 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி). உலர்ந்த காலத்தில் செய்யும் சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அந்த முழு ஆண்டு உற்பத்தியும் 1,800 ஏக்கருக்குக்கூடப் போதாது. கிளிநொச்சியின் பெருங்குளமான இரணைமடுவின் கீழுள்ள வயல் ஏறத்தாழ 21,000 ஏக்கர். மேலும், ஒரு கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்க 3 முதல் 4 அலகு மின்சாரம் செல்லும்; அந்த விலைக்கு நெல் விளைவிக்க எவராலும் முடியாது.

இருந்தாலும் தாளையடி நிலையம் வன்னிக்கு ஒரு வகையில் உதவியது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் 2010 இல் அங்கீகரிக்கப்பட்ட யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம், இரணைமடுவிலிருந்து குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டுசெல்வதையே முதலில் எண்ணியிருந்தது. கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பைச் சுயநலம் என்று எழுதியவர்கள் உண்டு. வறட்சி ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறைக்கப்படும் என்று எழுத்தில் வரையாத ஒப்பந்தத்தை எந்தக் கமக்காரரும் ஏற்கமாட்டார் என்பதே இப்பக்கத்தின் கருத்து. கடல்நீர் நிலையம் அந்தச் சண்டையைத் தணித்தது. பங்கீட்டு விதியை எழுதும் வேலையை அது செய்து தரவில்லை. மீதி உவர்நீர் கடலில் விடப்படுவது பற்றிக் கடற்றொழிலாளர் எழுப்பிய ஐயங்களும் தொடர்ந்து அளந்து பார்த்துத்தான் தீர்க்கப்பட வேண்டியவை.

மகாவலி நீர் வன்னிக்கு வந்தால் பிரச்சினை தீருமா?

1968 இல் வகுக்கப்பட்ட மகாவலிப் பெருந்திட்டத்திலேயே வடமத்திய மாகாணக் கால்வாயை வடக்கு நோக்கி நீட்டும் எண்ணம் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நீர் வன்னிக்கு வந்தபாடில்லை. வரும் என்றே வைத்துக்கொண்டு, நெடுந்தொலைவுக் கால்வாயை நம்பிய இரண்டு பாலைநிலங்களைப் பார்ப்பது நல்லது.

தார் பாலைவனத்துக்கு ஹரிகே அணையிலிருந்து நீர் கொணரும் இந்திரா காந்தி கால்வாயின் வேலை 1958 இல் தொடங்கியது. மணலில் கோதுமையும் பருத்தியும் விளைந்தன. கூடவே, வடிகாலுக்கு வழி செய்யாத இடங்களில் நிலத்தடி நீர் மேலெழுந்து, வயல்கள் சதுப்பாகி, உப்புப் பூத்தன. பரந்தன், பூநகரிப் பக்கத்தில் உவர் ஏறிய வயலைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது கொலராடோ ஆறு. அமெரிக்காவின் ஏழு மாநிலங்கள் 1922 இல் அந்த ஆற்றைப் பங்கிட்டன: மேல் படுகைக்கு 75 இலட்சம் ஏக்கர் அடி, கீழ்ப் படுகைக்கு 75 இலட்சம் ஏக்கர் அடி. நமது நீர்ப்பாசனத் திணைக்களம் பாவிக்கும் அதே ஏக்கர் அடிதான். அந்தக் கணக்குக்கு அடிப்படையாக அமைந்த ஆண்டுகள், வழக்கத்துக்கு மாறான ஈர ஆண்டுகள். ஆற்றில் அவ்வளவு நீர் நிலையாக ஓடாது என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் நீரியலாளர் லா றூ அப்போதே எச்சரித்தார், கேட்பாரில்லை. பின்னர், பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்து 1976 இல் வெளியான ஆய்வு, நூற்றாண்டுகள் நீண்ட சராசரி ஏறத்தாழ 135 இலட்சம் ஏக்கர் அடியே என்று காட்டியது. தாளில் பங்கிட்ட நீர் ஆற்றில் இல்லை. 2021 ஓகஸ்டில் கீழ்ப் படுகைக்கு முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டில் அரிசோனாவுக்கான ஒதுக்கீடு வெட்டப்பட்டது. அங்கே முதலில் அடி விழுந்தது பினால் மாவட்டக் கமக்காரருக்கு.

அறிவியல் அறிவு இல்லாமையால் இது நேரவில்லை என்பதே இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம். அறிவு கையில் இருந்தது. பங்கு பேசியவர்களுக்குப் பெரிய எண்தான் வசதியாக இருந்தது.

குளங்களை உயர்த்தி, தூர் வாரினால் நீர் கூடாதா?

கூடும், ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலை. இரணைமடுவின் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டபோது கொள்ளளவு ஏறத்தாழ 120,000 ஏக்கர் அடியானது. மேலே சேரும் ஒவ்வோர் அடியும் அகன்ற பரப்பின்மேல் நிற்பதால் பெருந்தொகை நீர். அதே காரணத்தால் பெருமழையின்போது விளிம்பு வரை நிறைந்த குளத்தை இயக்குவதும் கடினமாகிறது. 2018 டிசம்பர் முற்பகுதியில் புனரமைத்துத் திறக்கப்பட்ட குளம், அதே மாதம் 21, 22 ஆம் திகதிகளின் பெருமழையில் வான் கதவுகளைத் திறக்கும் நிலைக்கு வந்தது. கீழ்ப்பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. நீரைச் சேமிக்க விரும்பும் கமக்காரரும் வெள்ளத்துக்கு அஞ்சும் குடியிருப்பாளரும் ஒரே கதவின் இரு பக்கமும் நிற்கிறார்கள். எந்தத் திகதியில் எந்த மட்டம், எவ்வளவு மழை முன்னறிவிப்புக்கு எத்தனை கதவு என்பது முன்கூட்டியே எழுதி, ஊரறிய ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

தூர் வாருவதில் மக்கள் வைக்கும் நம்பிக்கை சற்று மிகை. குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் துரிசின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வாய்க்காலுக்கு வராது. கால்நடைக்கும் குளிப்புக்கும் அயற்கிணற்றின் ஊற்றுக்கும் அது உதவும். அந்த நோக்கத்துக்காகத் தோண்டினால் சரி. ஆனால் காலங்காலமாகப் படிந்து நீரைக் கீழிறங்காமல் தடுக்கும் களிப்படையை இயந்திரத்தால் கிழித்தால், குளம் முன்னையிலும் விரைவாக வற்றும். மண் விற்பனைக்காகத் தோண்டிவிட்டுத் தூர் வாரியதாகப் பெயர்ப்பலகை நடுவதை இங்கு யாவரும் அறிவர்.

குழாய்க் கிணறு அடிக்கலாமா?

எங்கே என்பதைப் பொறுத்தது. மன்னாரின் முருங்கன் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் நீர்ப்படை வளமானது. கடினப் பாறைப் பகுதிகளில் வெடிப்பு அகப்பட்டால் நீர், அகப்படாவிட்டால் பணம் போனதுதான். ஆழ்கிணற்று நீரில் புளோரைட்டும் வன்மையும் கூடுதலாக இருக்கலாம் என்பதால், குடிப்பதற்கு முன் பரிசோதிக்க வேண்டும். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் உறுதியாகத் தெரியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் காணப்படுவதால், அப்பகுதிகளில் இதை ஒரு சம்பிரதாயமாகக் கருதக் கூடாது.

நிலத்தடி நீரை நம்பி வயல் செய்வதன் முடிவுக்குச் சவூதி அரேபியா சான்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த ஆழநீரை இறைத்து, மானியத்தில் கோதுமை விளைவித்து, ஏற்றுமதியும் செய்த அந்நாடு, 2008 இல் அந்தக் கொள்கையைக் கைவிடத் தீர்மானித்து, 2016 அளவில் உள்நாட்டுக் கோதுமைக் கொள்வனவை நிறுத்தியது.

இங்கே யார் முடிவெடுக்கிறார்கள்? அதில் அறிவியலுக்கு இடம் உண்டா?

இரணைமடுவுக்கு நீர் தரும் கனகராயன் ஆறு, ஊற்றெடுப்பது முதல் கடல் சேர்வது வரை வட மாகாணத்துக்குள்ளேயே அடங்குவதால், அக்குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. மன்னாரின் கட்டுக்கரைக் குளமோ, மாகாண எல்லை கடந்து வரும் அருவியாற்றின் நீரைப் பெறுவதால் மத்திய திணைக்களத்துக்கு உரியது. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுள்ள சிறுகுளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. குடிநீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு, நிலத்தடி நீராய்வு நீர்வளச் சபைக்கு. ஒரே மழையின் நீர் இத்தனை அலுவலகங்களின் பதிவேடுகளில் தனித்தனியாகக் கிடக்கிறது. போகத்துக்கான தீர்மானம், மாவட்டச் செயலர் தலைமையில் அதிகாரிகளும் கமக்கார அமைப்புகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எடுக்கப்படுகிறது. அது ஒரு நல்ல ஏற்பாடு; பல பாலைவன நாடுகளில் கமக்காரருக்கு இப்படி ஓர் இருக்கை கிடையாது.

அறிவியல் கொள்கை என்று வரும்போது, இஸ்ரேல் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 வீதத்துக்கு மேல் ஆய்வுக்குச் செலவிடுகிறது. இலங்கை ஏறத்தாழ 0.1 வீதம். அந்த இடைவெளியை வன்னியால் அடைக்க முடியாது. ஆனால் இந்தியா, வறள்நில ஆய்வுக்கான நிறுவனத்தை டெல்லியில் வைக்காமல் 1959 இல் ஜோத்பூரிலேயே நிறுவியதைப் போல, நமக்கும் ஆய்வாளர்கள் இடத்திலேயே இருக்கிறார்கள்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில், இரணைமடுவுக்கு அண்மையிலேயே இயங்குகின்றன, வவுனியாவுக்கு 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. துரிசில் எவ்வளவு நீர் புறப்பட்டது, கடைவாய்க்காலுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று வாரந்தோறும் அளந்து, அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கமக்கார அமைப்பின் அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்குப் பெருநிதி வேண்டாம். இப்போது கடைவாய்க்கால்காரருக்கும் தலைவாய்க்கால்காரருக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் இருவரிடமும் இலக்கம் இல்லை.

நீர் குறைந்த ஆண்டில் சிறுபோகத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. சித்திரையில் ஒரு பெருங்குளத்தில் 40,000 ஏக்கர் அடி நிற்கிறது என்போம். குடிநீருக்கும் கால்நடைக்கும் நன்னீர் மீனுக்கும் போக இறுதியில் 8,000 நிற்க வேண்டும். ஆவியாதலுக்கும் கசிவுக்கும் இன்னொரு 8,000 கழிக்கவும். மீதி 24,000. ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி எடுக்கும் நெல்லை மட்டும் செய்தால் 6,000 ஏக்கர். மாறாக நெல்லை 4,000 ஏக்கரில் நிறுத்தி, நீர் நன்கு வடியும் மேட்டு வயல்களில் ஏக்கருக்கு 2 ஏக்கர் அடியுடன் பயறும் உழுந்தும் கௌபியும் செய்தால், மேலும் 4,000 ஏக்கருக்கு நீர் எட்டும், மொத்தம் 8,000. களிமண் பள்ளங்களில் பயறு அழுகும், அங்கே நெல்லே சரி. எந்த வயல் எந்த வகை என்பதை விதானைமாரும் முதிய கமக்காரரும் வரைபடம் இல்லாமலே சொல்வார்கள். அவர்கள் சொல்வதை வரைபடத்தில் ஏற்றிக்கொள்வதுதான் கூட்டத்துக்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை.